வைகறைக் காட்டில் வான்கோழி

மயில் ஆடுவதைப் பார்த்துத் தானும் சிறகை விரித்து ஆடிய அசட்டுப் பறவை என்றே வான்கோழியைப் பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் படித்திருந்தோம். ஆயின், அமெரிக்க நாட்டின் மிசூரி மாநிலத்துக் காடொன்றில், ஏப்ரல் மாதத்து வைகறை இருளில், ஓர் ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து அமர்ந்திருந்தபோது, அசடு பறவையா மனிதனா என்பது நமக்கு நன்கு விளங்கிற்று.

பிழைப்பின் பொருட்டு செயின்ட் லூயிஸ் நகரில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அண்டை வீட்டில் வாழும் பெரியவர் ஒருவர் இளமை முதல் வேட்டையில் பழகியவர். ஒரு மாசி மாதத்துக் குளிரில், "இவ்வளவு காலம் இங்கு இருந்துவிட்டு, இந்த மண்ணின் பறவையைக் காட்டில் பார்க்காமல் இருக்கலாமா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியே நம்மைக் காட்டுக்கு அழைத்துச் சென்றது. சென்று கற்றவற்றையும், ஒருநாள் தப்பிய பெரும் பிழையையும் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

முதலில் பறவையின் பெயர். துருக்கியர் இதனை 'ஹிந்தி' என்பர். இந்தியாவிலிருந்து வந்தது என்று பொருள். அரபு நாடுகள் பலவற்றில் இதற்கு 'தீக் ரூமி', அதாவது ரோமச் சேவல் என்று பெயர். ஆங்கிலேயரோ துருக்கியின் பெயரையே இதற்குச் சூட்டிவிட்டனர். ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டைச் சுட்டிக்காட்டும் இப்பறவையின் தாயகம் அமெரிக்கக் கண்டமே.

தாயகத்திலேயே இது ஏறத்தாழ அழிந்துபோக இருந்தது. காடுகள் வெட்டப்பட்டன, சந்தைக்காக வரைமுறையின்றிப் பறவைகள் கொல்லப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் ஒரு வான்கோழிகூட மிஞ்சவில்லை. 1937ஆம் ஆண்டில், துப்பாக்கி, தோட்டா விற்பனைமீது விதிக்கப்படும் வரியை வனவிலங்குகளின் மீட்புக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் இயற்றினர். பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தனர், அவை பிழைக்கவில்லை. பின்னர், எஞ்சியிருந்த காட்டுப் பறவைகளையே வலைவீசிப் பிடித்து, இல்லாத இடங்களுக்குக் கொண்டுசென்று விட்டனர். 1976இல் மிசூரியிலிருந்து 29 பறவைகள் விஸ்கான்சின் மாநிலத்துக்குச் சென்றன. அவற்றுக்கு ஈடாக அங்கிருந்து வேறொரு காட்டுப் பறவையினம் மிசூரிக்கு வந்தது. ஒருவகைப் பண்டமாற்று! மிசூரியில் நெடுநாள் மூடிக்கிடந்த வேட்டைப் பருவம் 1960இல் வெறும் மூன்று நாட்களுக்கு மட்டும் திறக்கப்பட்டது. இன்று அது வசந்தத்தில் மூன்று வாரம் நடைபெறுகிறது. அளவோடு எடுப்பவனுக்கே அருட்கொடை நிலைக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, பொதுநிலம் என்பது யாது? முற்காலத்து ஐரோப்பாவில் காட்டு விலங்கு மன்னனுக்கும் பிரபுவுக்குமே உரியதாக இருந்தது. அமெரிக்காவில் அரசு பேணும் காடுகள் மக்கள் அனைவர்க்கும் பொது. நாம் சென்ற மார்க் ட்வெய்ன் தேசியக் காடு மட்டுமே ஏறத்தாழ 15 இலட்சம் ஏக்கர் பரப்புடையது. உரிமச் சீட்டு வாங்கிய எவரும், ஏழையாயினும் வந்தேறியாயினும், அங்கே வேட்டையாடலாம். ஆனால் எவரும் வரலாம் என்பதன் மறுபக்கம் ஒன்று உண்டு: நாம் அங்கே தனியாக இல்லை. இதனை மறந்தால் என்ன நேரும் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

புதியவர் முதலில் செய்ய வேண்டியது சட்டத்தைப் படிப்பது. மிசூரியில் 1967 ஜனவரி முதல் தேதியிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சியில் தேறிய சான்று பெற்றிருப்பதே முறை. சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து சுடலாம். பொதுநிலங்களில் பகல் ஒரு மணியுடன் நிறுத்திவிட வேண்டும். வசந்த காலத்தில் சேவலை, அல்லது மார்பில் தாடி தெரியும் பறவையை மட்டுமே வீழ்த்தலாம். இரை தூவி அழைப்பது குற்றம். பிற மாநிலங்களில் விதிகள் மாறும். ஆண்டுதோறும் புதிதாகப் படித்துக்கொள்வதே நலம்.

அடுத்தது, பருவம் தொடங்குமுன் காட்டை அறிவது. பெரியவர் நம்மை மார்ச் மாத இறுதியிலேயே அழைத்துச் சென்றார். சருகைக் கிளறிய தடம், மணலில் குளித்த பள்ளம், இறக்கையை இழுத்து நடந்த கோடு ஆகியவற்றைக் காட்டினார். எச்சத்தைக்கூட அவர் விடவில்லை: தூண்டில் முள்போல் வளைந்திருந்தால் சேவல், சுருண்டு கிடந்தால் பெட்டை. வான்கோழி இரவில் உயர்ந்த மரக்கிளையில் அடையும். அந்திப் பொழுதில் மேட்டில் நின்று செவிசாய்த்தால், எந்த மரத்தில் அடைகிறது என்பது தெரிந்துவிடும். சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு அருகிலேயே அமர்பவர் பலர். அரைமணி கூடுதலாக நடப்பவர்க்குக் காடு அமைதியாகக் கிடைக்கும். விடியலில் எல்லோரும் அலுத்துத் திரும்பியபின், பத்து மணிக்குமேல் பெட்டைகள் முட்டையிடச் சென்றுவிட, தனித்த சேவல் அழைப்புக்கு இணங்கும் என்பதும் அவர் சொன்ன உண்மையே.

வான்கோழிக்கு மோப்பம் குறைவு. கண்ணோ மிகக் கூர்மை. ஆகவே தலை முதல் கால் வரை இலைதழை நிறத்தில் உடுத்தி, முகத்தையும் கைகளையும் மூட வேண்டும். தோளைவிட அகன்ற மரத்தில் சாய்ந்து அமர வேண்டும். அது நம் உருவையும் மறைக்கும், பின்னாலிருந்து வரும் குண்டையும் தடுக்கும். சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் உடலில் எங்கும் தெரியலாகாது, கைக்குட்டையிலும் ஆகாது. ஏனெனில் வசந்தத்தில் சேவலின் தலை அம்மூன்று நிறங்களிலேயே ஒளிரும்.

அழைக்கும் கருவி கையடக்கமான ஒரு மரப்பெட்டி. மூடியை விளிம்பில் உரசினால் பெட்டையின் குரல் எழும். இயற்கையில் சேவல் கூவ, பெட்டையே தேடிச் செல்லும். நாமோ சேவலைத் தேடிவரச் செய்கிறோம். ஆகவே அளவாக அழைத்துவிட்டு வாளாவிருக்க வேண்டும். புதியவர் பெரும்பாலும் தோற்பது இங்கேதான்.

இவற்றுக்கெல்லாம் மேலாகப் பெரியவர் திரும்பத் திரும்பக் கூறியவை இரண்டு. ஒன்று: சேவலின் குரலை நோக்கித் தவழ்ந்து செல்லாதீர்கள், அது மற்றொரு மனிதன் எழுப்பிய குரலாக இருக்கலாம். இரண்டு: முழுப் பறவையையும், அதன் மார்புத் தாடியையும் கண்ணால் காணும்வரை விரல் விசைக்குள் போகக்கூடாது.

முதலாண்டு, இரண்டாம் நாள். வண்டியருகிலேயே சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு இருளில் நடந்தோம். பெரியவர் நூறு கஜம் தள்ளி வேறொரு சரிவில் அமர்ந்தார். கிழக்கு வெளுக்கையில் மேட்டிலிருந்து சேவல் முழங்கிற்று. இருமுறை பெட்டியை உரசினோம். மறுமொழி வந்தது, பின்னர் அமைதி. அமைதியானால் வருகிறது என்று பொருள் எனக் கேட்டிருந்தோம்.

சற்று நேரத்தில் இடப்புறம் சருகு சலசலத்தது. புதருக்குப் பின்னால் கரிய உருவம் ஒன்று தாழ்ந்து நகர்ந்தது. அதன் மேற்புறத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்து மறைந்தது. நெஞ்சு பறையடித்தது. துப்பாக்கி தோளுக்கு வந்துவிட்டது; கட்டைவிரல் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளியும் விட்டது. அந்த உருவம் வான்கோழிதான் என்று நம் கண் சத்தியம் செய்தது. தாடி எங்கே என்று மனம் கேட்டது. தாடி தெரியவில்லை. காத்தோம். மீண்டும் சிவப்பு தெரிந்தது. அதனடியில் ஒரு மனிதக் காது தெரிந்தது.

பதினெட்டு வயது இருக்கலாம். கழுத்தில் சிவப்புத் துணி சுற்றிய இளைஞன் ஒருவன், நம் பெட்டியின் குரலைப் பெட்டையென எண்ணி, அதைத் தேடிச் சேவல் வரும் என்று தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். இத்தகைய வேளையில் கையசைக்கக்கூடாது, பறவைக் குரலும் எழுப்பக்கூடாது. அசையாமல் இருந்து மனிதக் குரலில் உரக்கப் பேச வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித் தந்தது. "இங்கே ஆள் இருக்கிறது!" என்றோம். அவன் உறைந்து நின்றான். முகம் வெளிறிவிட்டது. அவனுக்கும் அது முதல் வேட்டையாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தவழியே சென்றான்.

பெரியவர் வந்தபோது நம் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. துப்பாக்கியை வாங்கித் தோட்டாக்களை வெளியே எடுத்தார்.

"விரல் எங்கே இருந்தது?"

"விசைக்கு வெளியே."

"அது போதும். வீட்டுக்குப் போவோம்."

பாதுகாப்புப் பூட்டை நீக்கிவிட்டிருந்தோம் என்பதை அன்று அவரிடம் நாம் கூறவில்லை. அடுத்த ஆண்டுதான் கூறினோம். "எனக்குத் தெரியும், துப்பாக்கியை நான்தானே வாங்கினேன்" என்றார்.

அந்த நிகழ்ச்சிக்குப் பின்னர் மற்றொரு கேள்வியையும் நாம் தள்ளிப்போட இயலவில்லை. வேட்டைப் பிராணி மார்க்கத்தில் ஆகுமானதே. இஹ்ராம் உடுத்தியவருக்குத்தான் தரைவேட்டை விலக்கப்பட்டது. எனினும், ரவை பட்டு அறுக்குமுன் உயிர்விட்ட பறவையின் நிலை யாது? நாம் அறிந்த ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். கூர்முனை துளைத்து இறந்ததற்கும், அடியின் வேகத்தால் இறந்ததற்கும் வேறுபாடு உண்டென்றும், ரவையால் இறந்ததை ஷாபிஈ, ஹனபி மத்ஹபுகளின் அறிஞர் பலர் ஆகாது என்பர், ஆகும் என்போரும் உளர் என்றும் அவர் விளக்கினார். கூரிய அம்பை பிஸ்மில்லாஹ் கூறி எய்தால் ஐயமில்லை. உயிருடன் கையில் அகப்பட்டால் அறுத்துவிட வேண்டும் என்றார். நல்ல வேட்டைக்காரன் பறவை வருந்தாமல் உடனே இறக்கும்படி தலையில் சுடுவான். நமக்கோ அவ்வாறு இறந்தால் உண்பதில் ஐயம். உண்ணாமல் கொல்வதோ வெறும் விளையாட்டு. உயிருள்ளதை இலக்காக வைத்து விளையாடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் அல்லவா?

எனவே துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வில்லைக் கையில் எடுத்தோம். குளிர்காலம் முழுதும் வைக்கோல் கட்டில் அம்பெய்து பழகினோம். துப்பாக்கிக்கு நாற்பது கஜம் எட்டும். நம் வில்லுக்கு இருபது கஜத்தைத் தாண்டுவதில்லை என்று உறுதி பூண்டோம். நாண் இழுக்கும் அசைவைப் பறவை கண்டுவிடும் என்பதால் சிறு துணிக்கூடாரம் ஒன்றை வாங்கி, நாள்தோறும் விரித்து, நாள்தோறும் மடித்து எடுத்துவந்தோம்.

இரண்டாம் ஆண்டு, ஐந்தாம் நாள், பதினொரு மணியளவில் ஒரு சேவல் வந்தது. வாலை விசிறியாக விரித்து, இறக்கைகளைத் தரையில் உரசி, பதினைந்து கஜத்தில் நின்று ஆடிற்று. செம்பும் பொன்னுமாக இறகுகள் வெயிலில் மின்னின. மயிலைப் பார்த்து ஆடிய பறவை என்று இதை எவரும் சொல்லத் துணியார். தாடி தெளிவாகத் தெரிந்தது. பின்னால் மண்மேடு, மனிதர் எவரும் இல்லை. பிஸ்மில்லாஹ் கூறி அம்பை விடுத்தோம். இருபது அடி ஓடி விழுந்தது. உயிர் இருக்கையிலேயே ஓடிச்சென்று அறுத்தோம். கழுத்தின் சூடு உள்ளங்கையில் வெகுநேரம் இருந்தது. மகிழ்ச்சியுடன் ஒரு துயரமும் வந்ததை மறைக்க விரும்பவில்லை.

உரிமச் சீட்டில் குறியிட்டு, அன்றிரவு பத்து மணிக்குள் அறிவிக்க வேண்டும் என்ற விதிப்படி அரசுக்கு அறிவித்தோம். பிறர் பறவை என்று எண்ணிச் சுட்டுவிடாமலிருக்க, ஆரஞ்சு நிறப் பையில் மூடி எடுத்துவந்தோம். காட்டுப் பறவையின் நெஞ்சுக்கறி கொழுப்பற்றது. சற்றே மிகையாக வெந்தால் உலர்ந்துவிடும். தொடையும் காலும் நார். மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேக வேண்டும். நம் துணைவியார் தேங்காய்ப்பால் ஊற்றி ஆணமாக்கினார். ஒரு பங்கு பெரியவர் வீட்டுக்குச் சென்றது. காரம் தாளாமல் கண்ணீர் வழிய இரண்டாம் முறையும் கேட்டு உண்டார்.

இதனைப் படித்துவிட்டு நம் நாட்டில் எவரும் வில்லெடுத்துவிட வேண்டா. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. அதை மதிப்பதே நம் கடமை. அமெரிக்காவில் வாழும் நம்மவர் யாரேனும் ஏப்ரல் மாதத்தில் பொதுக்காட்டுக்குச் செல்வாராயின், அழைக்கும் பெட்டியையும் உடையையும் வாங்குமுன், காண்பது யாதெனத் தெரியும்வரை கையை அடக்கிக்கொள்ளப் பழகுவாராக.

ஆண்டுதோறும் வைகறையில் அந்த மேட்டில் சேவல் முழங்குகையில், வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த அந்த இளைஞனின் தாயைத்தான் நாம் முதலில் நினைக்கிறோம். அன்று காலை தம் மகன் எங்கிருந்து திரும்பி வந்தான் என்பதை அவர் இன்றுவரை அறிந்திருக்கமாட்டார். அல்ஹம்துலில்லாஹ்.