கரி அள்ளும் கை

குளிருக்காக வீட்டுக் கூடத்திலேயே நெருப்பு மூட்டிக்கொண்டு உட்காரும் மனிதர்கள் உண்டு என்று மதுரைக்காரனிடம் சொன்னால் அவன் சிரிப்பான். சித்திரை மாதத்தில் எங்கள் ஊர் மாசி வீதியே அடுப்பாகக் காயும்போது, வீட்டுக்குள் இன்னோர் அடுப்பு எதற்கு என்று கேட்பான். ஆனால் அதே மதுரையிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் கோடைக்கானல் போய்விடலாம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7000 அடி. அங்கே பழைய பங்களாக்களில் கணப்பு இருக்கிறது. சுவரோடு சேர்த்துக் கட்டிய குளிர்காயும் அடுப்பு அது. அதன் தலைக்கு மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு செங்கல் புகைபோக்கி நிற்கும்.

அந்தக் கணப்புக்கும் மதுரைக்கும் உறவு உண்டு. 1834ல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள், சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்புவதற்காக 1845ல் கோடைக்கானலில் தங்கள் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மோட்டார்ப் பாதை வந்தது 1914ல்தான். 1985ல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை கோடைக்கானல் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே நம் ஊர் வெயில்தான் அந்த மலையில் கணப்பை மூட்டியது என்று சொன்னாலும் தவறில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில், நண்பர் ஒருவருடைய பழைய பங்களாவில் பத்து நாள் தங்கி எழுதலாம் என்று போயிருந்தேன். முதல் இரவு கணப்பை மூட்டியதுமே புகை மேலே போக மறுத்துக் கூடத்தை நிறைத்தது. மறுநாள் காலையில் நண்பர் ஓர் ஆளை வரவழைத்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கூட அவருடைய அக்காள் மகன். பெரியவர் சாம்பலுக்கு மேல் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். “உள்ளே கங்கு கிடக்குதுங்க ஐயா. யாரும் கிளற வேண்டாம். நாளைக்கு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சொன்னபடி மறுநாள் வந்தார். நாற்காலிகளை நகர்த்திப் பழைய வேட்டிகளால் மூடினார்கள். சாம்பலை அள்ளினார்கள். கணப்பின் வாயை ஈரச் சாக்கினால் அடைத்தார்கள். இளையவர் கூரைமேல் ஏறி, கயிற்றில் கட்டிய முரட்டுத் துடைப்பத்தைக் கல்லின் கனத்தோடு புகைபோக்கிக்குள் இறக்கினார். இறக்குவதும் இழுப்பதுமாக ஒரு மணி நேரம். சாக்குக்குப் பின்னால் கரி சரசரவென்று விழும் ஓசை கேட்டது. பிறகு பெரியவர் சாக்கை விலக்கி, தலையையும் ஒரு தோளையும் உள்ளே நுழைத்து, கை எட்டும் இடமெல்லாம் சுரண்டினார். கரியோடு ஒரு பறவைக் கூடும் வந்தது. செங்கல் இடுக்குகளில் வெடிப்பு இருந்த இடங்களைத் தட்டிப் பார்த்துப் பூசினார். கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொளுத்திக் காட்டினார். சுடர் மேல்நோக்கி வளைந்தது. வேலை முடிந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

விழுந்த கரியில் மூன்று வகை இருந்தது: பொடி, செதில், கண்ணாடிபோல் பளபளக்கும் கட்டி. ஈர விறகு அரைகுறையாக எரியும்போது அதன் புகை குளிர்ந்த செங்கலில் பட்டுத் தாராகப் படிகிறது. படிந்தது நாளடைவில் இறுகுகிறது. இறுகிய கட்டி தானே விறகுபோல் ஆகிவிடும். ஒரு பொறி பட்டால் புகைபோக்கி முழுவதும் பற்றிக்கொண்டு கூரை மரத்துக்குத் தாவும். மலையில் அதிகம் எரிப்பது சீகையும் யூகலிப்டசும். எந்த விறகானாலும் ஆறு மாதமாவது உலர வேண்டும் என்றார் பெரியவர்.

அவர் வாயையும் மூக்கையும் துணியால் கட்டியிருந்தார். அதைப் பற்றிக் கேட்டேன். “எங்கப்பாருக்கு இதுகூடக் கிடையாதுங்க. கடைசி வரைக்கும் இருமிக்கிட்டேதான் இருந்தாரு” என்றார்.

இந்தத் தொழிலின் சரித்திரம் முழுவதிலும் அந்த இருமல் கேட்கிறது. லண்டனில் ஒரு காலத்தில் சிறுவர்களையே புகைபோக்கிக்குள் ஏற்றினார்கள். குறுகிய வழிக்குக் குறுகிய உடம்பு. அவர்கள் பெரியவர்களானதும் ஒருவகைப் புற்றுநோய் வருவதைக் கண்டு, அதற்குக் கரிதான் காரணம் என்று 1775ல் எழுதினார் பெர்சிவல் பாட் என்ற வைத்தியர். செய்யும் தொழிலே புற்றுநோய் தரும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். ஆனாலும் 1788லும் 1840லும் போட்ட சட்டங்கள் ஏட்டிலேயே நின்றன. 1875ல் கேம்பிரிட்ஜ் அருகே ஒரு சிறுவன் புகைபோக்கிக்குள் சிக்கி இறந்த பிறகுதான், உரிமம் பெற்றவரே இந்த வேலையைச் செய்யலாம் என்ற சட்டம் வந்து கொடுமை ஓய்ந்தது.

லண்டன் கதை இருக்கட்டும். நம் சமையலறைகளை நினைத்துப் பார்க்கிறேன். என் தாயாரின் அடுப்புக்குப் புகைபோக்கியே கிடையாது. ஓட்டு இடுக்கு வழியாகப் போனது போக, மீதிப் புகை அவள் கண்ணிலும் நெஞ்சிலும் தங்கியது. விடியுமுன் சாம்பல் அள்ளி, அடுப்பை மெழுகிக் கோலமிடுவாள். போகி வந்தால் கூரையின் ஒட்டடையும் அவள் தலையில்தான் விழும். மலைக்காரரின் வேலைக்குக் கூலி என்று ஒன்று உண்டு. அவள் வேலைக்கு வேலை என்ற பெயர்கூடக் கிடையாது. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

புகையை வெளியேற்ற முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1953லேயே ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்ற பொறியியல் அறிஞர், புகைபோக்கி வைத்த மண் அடுப்பைப் பரப்ப முயன்றார். 1983ல் அரசாங்கம் தேசியத் திட்டமே வகுத்தது. 2002ல் அது முடிவதற்குள் 3 கோடிக்கு மேல் அடுப்புகள் கொடுத்தார்கள். பிறகு ஒடிசாவில் பொருளாதார அறிஞர்கள் சிலர் இத்தகைய அடுப்புகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். முதல் ஆண்டில் குறைந்த புகை பிறகு பழையபடி ஆகிவிட்டது. அடுப்பு உடைந்தது, குழாய் அடைத்தது. பழுது பார்ப்பாரும் இல்லை, கரி எடுப்பாரும் இல்லை. அடுப்பைக் கொடுத்தவர்கள் துடைப்பத்தைப் பற்றி யோசிக்கவில்லை.

இன்று கேஸ் அடுப்பு பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டது, பெரிய நிம்மதிதான். ஆயினும் மேலூர்ப் பக்கமும் உசிலம்பட்டிப் பக்கமும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் கொல்லையில் விறகு எரிகிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அநேகமாக ஒரு கிழவி.

இனி யாராவது புதிய அடுப்பொன்றைக் கொண்டுவந்து காட்டினால், அது எவ்வளவு விறகு மிச்சம் பிடிக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். இதன் கரியை அள்ளப்போவது யார், அவர் மூக்குக்குத் துணி உண்டா, கைக்குக் கூலி உண்டா என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடிந்தவர் கொண்டுவரும் அடுப்பை நம்பி வாங்கலாம்.