திண்ணையில் ஒரு பாய்

எங்கள் சீவலப்பேரியில்தான் சிற்றாறு தாமிரவருணியில் வந்து கலக்கிறது. முக்கூடற்பள்ளு பிறந்த மண் இது. பாடியவர் இன்னார் என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாட்டு நின்றுவிட்டது, பெயர் ஆற்றோடு போய்விட்டது. இந்த ஊரில் பிறந்த தோஷமோ என்னவோ, யாராவது புகழைப் பற்றிப் பேசினால் எனக்கு அந்தப் புலவரும், கூடவே ஒரு நாயனக்காரரும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

நாயனக்காரரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் உங்களுக்குத் தெரியாது. சுற்று வட்டாரத்துக் கோயில்களிலும் கல்யாண வீடுகளிலும் வாசித்தவர், அவ்வளவுதான்.

1963-இல் என் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் தெரு முனையில் நின்றது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர் தோடியை எடுத்தார். நான் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவன். சங்கீதம் தெரியாது, தெரியும் என்ற நினைப்பு நிறைய உண்டு. 'கொஞ்சும் சலங்கை' முந்திய வருஷம்தான் வந்திருந்தது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனமும் ஜானகியின் குரலும் சேர்ந்த 'சிங்கார வேலனே' ரிக்கார்டு இல்லாமல் அப்போது கல்யாணமே கிடையாது. நண்பர்கள் முன்னால் பெரிய மனிதனாகிவிடும் ஆசையில் நேரே போய் நின்று, "தோடி போதும், சிங்கார வேலனே வாசியும்" என்றேன்.

தோடி அப்போதுதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தினார். சீவாளியைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினார். தவில்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை. ஆபேரி கிளம்பிற்று. ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்கே தட்டியதாக நினைத்துக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து, ஆற்று மணலில் அவர் உட்கார்ந்திருந்தார். எனக்குள் ஏதோ உறுத்தல்.

"அன்னைக்கு உங்களுக்கு வருத்தம்தானே அண்ணாச்சி?"

"வருத்தம் இல்லாம இருக்குமா தம்பி? பாதிச் சாப்பாட்டுல எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது" என்றார். பிறகு, "ஆனா பேரும் புகழும் வேண்டாத சரக்குன்னு நான் சொல்லமாட்டேன். எங்க அப்பா மேல்துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வாசல்ல நின்னுதான் வாசிச்சாரு. திருவாவடுதுறைக்காரர் பேரு வாங்கினாரு. உங்க வீட்டுத் திண்ணையில எனக்கு ஒரு பாய் விரிச்சாக" என்றார்.

எனக்கு அது புது விஷயம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி நான் கேட்டிருந்ததெல்லாம் வேறு. கிராப்பு வெட்டிக்கொண்டவர், கோட்டுப் போட்டுக்கொண்டவர், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றவர், மண்டைக்கனம் பிடித்தவர். அந்த மண்டைக்கனத்தினால் ஒரு சீவலப்பேரிக்காரருக்குப் பாய் கிடைத்திருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? பாய் விரித்தது எங்கள் வீடு. முந்திய தலைமுறைக்கு விரிக்காததும் எங்கள் வீடுதான்.

ராஜரத்தினம் பிள்ளை நாயனத்தையே மாற்றியவர். உச்ச சுருதியில் பேசும் குட்டையான திமிரியை விட்டு, தணிந்த சுருதியில் ஒலிக்கும் நீண்ட பாரி நாயனத்துக்கு மதிப்புத் தேடித் தந்தார். 1956-இல் அவர் மறைந்தார். அவருடைய சிஷ்யர்தான் அருணாசலம். எங்கள் ஆற்றோடு மேற்கே போனால், சேரன்மாதேவிப் பக்கம் இருக்கிறது காருகுறிச்சி.

"அருணாசலம் மாதிரி வாசிக்கணும்னு நானும் கடன் வாங்கிப் பாரி ஒண்ணு வாங்கினேன்" என்றார் அவர். "மூச்சு பத்தலே. அவரு மணிக்கணக்கா ராகம் வாசிக்கிற ஆளு. இப்ப அவரு பேரைச் சொன்னா எல்லாரும் அந்த ஒரு பாட்டைத்தான் சொல்லுதாக. அவருக்கே அப்படின்னா, என் தோடியை நீங்க நிறுத்தினதுல என்ன அதிசயம்?"

"உங்களுக்குப் புகழ் வரணும்னு ஆசை இல்லையா?"

"இல்லேன்னா பொய்." கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாள் விடியக்காலையில சாதகம் பண்ணையில தோடியில ஒரு பிடி தானா வந்து விழுந்தது. கேட்டது என் வீட்டுக்காரியும் பசுமாடும்தான். இன்னொருக்க வாசிங்கன்னா. எவ்வளவோ பார்த்தேன், வரலே. அதைத் தேடித்தான் தெனமும் எந்திரிக்கேன்."

1921-இல் பிறந்த அருணாசலம் 1964 ஏப்ரலில் காலமாகிவிட்டார். அடுத்த முகூர்த்தத்தில் பக்கத்து ஊரில் இவருக்கு ஒரு கல்யாணக் கச்சேரி. அங்கேயும் அதே பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். "வாசிச்சேன் தம்பி" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வருஷம் திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் ஒரு சின்னப் பையன் தோடியை எடுத்தான். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. கையில் செல்போனோடு ஓர் இளைஞன் மேடையருகே போய்க் குனிந்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்கா தெரியாது? பையன் நிறுத்தினான்; சீவாளியைத் துடைத்தான். நான் எழுந்திருக்க நினைத்தேன். முழங்கால் ஒத்துழைப்பதற்குள் ஆபேரி வந்துவிட்டது. நன்றாகத்தான் வாசித்தான். என் தலையும் ஆடிற்று.