பனி மலையில் சக்கர வீடு

கனடாவின் ராக்கி மலைகளுக்கு நடுவே பான்ஃப் என்று ஓர் அழகிய ஊர். குளிர்காலத்தில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை குளிர் இறங்குவதுண்டு. அந்தக் குளிரிலும் காருக்குப் பின்னால் 'டிரெயிலர்' என்னும் சக்கர வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து தங்குகிறவர்கள் இருக்கிறார்கள்!

அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம் உள்ள வீடுதான். ஆனால் இல்லத்தரசியின் கவலையெல்லாம் தரைக்கு அடியில் உள்ள மூன்று தொட்டிகளைப் பற்றியது. ஒன்றில் நல்ல தண்ணீர். இன்னொன்றில் குளித்த, பாத்திரம் கழுவிய நீர். மூன்றாவதில் கழிப்பறைக் கழிவு. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவிகிதம் பருத்துவிடும். அப்புறம் குழாய் வெடிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே, வண்டியின் அடிப்பாகத்தைச் சுற்றித் தடித்த திரை கட்டிக் காற்றைத் தடுக்கிறார்கள். தொட்டிகளுக்கு அடியில் மின்சாரத்தால் சூடேறும் விரிப்பு. இரவில், பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால், அறையின் கதகதப்பு குழாய்களுக்கும் எட்டும்.

கழிவு நீர் வால்வைத் திறந்தே வைக்கலாகாது. சொட்டுச் சொட்டாக வழியும் நீர் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். மூடி வைத்திருந்து, தொட்டி நிறைந்ததும் உரிய இடத்தில் ஒரேயடியாகத் திறந்துவிட வேண்டும்.

கழிவுத் தொட்டிகள் உறையாமலிருக்க இளஞ்சிவப்புத் திரவம் ஒன்றும் ஊற்றுவார்கள். அது புரொப்பிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்காலோ கொடிய விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது!

மலையழகைக் காணத்தான் வருகிறார்கள். ஆனால் பொழுது விடிந்ததும் முதலில் திருகிப் பார்ப்பது குழாயைத்தான். அதில் தண்ணீர் கொட்டிய பிறகே ஜன்னல் திரை விலகுகிறது!