முகவரி இல்லாத தரவு

ஒரு கோப்பு வட்டில் எங்கே கிடக்கிறது என்று லினக்ஸிடம் கேட்க வழி உண்டு. பழைய ஃபிப்மேப் ஒவ்வொரு பிளாக்கிற்கும் தனித்தனியே விடை தரும். 2008இல் வந்த ஃபைமேப், அடுத்தடுத்துள்ள பிளாக்குகளை ஒரே எக்ஸ்டென்டாகத் திரட்டி, அதன் தொடக்கத்தையும் நீளத்தையும் சொல்லும்.

பட்டியலில் இல்லாத பகுதி 'துளை'. படித்தால் சுழியங்களே வரும். ஆனால் சற்றுமுன் எழுதிய தரவு நினைவகத்தில் காத்திருக்கலாம். எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகள் அதற்கு வட்டில் இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போடுகின்றன. அப்போது தரவு உண்டு, முகவரி இல்லை. 'பால் குடித்தான்' என்பதில் 'ஐ' மறைந்திருக்கிறது. அதனால் வேற்றுமைப் பொருள் இல்லாமற்போவதில்லை. இதுவும் அத்தகையதே.

இந்த வேறுபாடு ஏட்டளவினதன்று. 2011இல் வெளியான க்னூ கோர்யூட்டில்ஸ் 8.10இல், நகலெடுக்கும் சிபி கட்டளை ஃபைமேப்பின் விடையை நம்பித் துளைகளைத் தாண்டியது. புதிதாக எழுதிய கோப்புகளின் நகலில் தரவு விடுபடும் இடர் வெளிப்பட்டது. தரவை முதலில் வட்டில் எழுதிவிட்டு விடைசொல்லுமாறு ஃபைமேப்பைப் பணிக்கும் குறியைச் சேர்ப்பது திருத்தங்களுள் ஒன்று.

என்னிடமுள்ள களப்பதிவுகளில் பேசும் முதியவர்கள் சிலர் இன்று இல்லை, மறுபதிவுக்கு வழியில்லை. ஆகவே நகலின் அளவு ஒத்திருப்பது எனக்குப் போதாது: துளைகளும் அளவில் அடங்கும். இரு கோப்புகளின் செக்சம்மும் ஒத்த பிறகே பதிவுக்கருவியின் அட்டையை அழிக்கிறேன். களப்பணி செய்யும் நண்பர்களும் அவ்வாறே செய்க.