திட்டிவாசல்

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் சென்றால் திருமயம். பாறையைச் சுற்றி எழுந்த அந்தக் கோட்டையின் மதில்மேல் நின்றுதான் என் நண்பனுக்குத் தீயரண் என்றால் என்னவென்று ஒருமுறை விளக்கினேன். ஃபயர்வால் என்பதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட தமிழ் அது. பழைய கோட்டைகளில் பெருங்கதவைச் சாத்திய பிறகும் ஒருவர் குனிந்து நுழைவதற்கென்று அதற்குள் சிறு கதவு ஒன்று இருக்கும்; திட்டிவாசல் என்பார்கள். எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத் திட்டிவாசலை மட்டும் திறந்துவைப்பதே தீயரணின் வேலை என்றேன். எல்லாம் அறிந்தவன் போலப் பேசிய நாள் அது.

2004ஆம் ஆண்டு, புதுக்கோட்டையில் முந்திரி வியாபாரம் செய்துவந்த ஓர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் வழங்கி அமைத்துத் தரும் வேலை எனக்கு வந்தது. முந்திரி உடைக்கும் பட்டறை ஆதனக்கோட்டைப் பக்கம் இருந்தது. பெண்கள் கிலோ கணக்கில் கூலி வாங்குவார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால் சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள்.

அலுவலகத்தில் ஒரு பழைய கணினியில் லினக்ஸை நிறுவி அதையே வாயிற்காவலனாக்கினேன். வெளியே ஒரு கம்பி, உள்ளே ஒரு கம்பி. அஞ்சல் வந்துசேரும் 25ஆம் எண் வாசலை மட்டும் திறந்து, அங்கு வருவதை உள்ளேயிருக்கும் வழங்கிக்குத் திருப்பிவிட்டேன். உள்ளிருக்கும் கணினிகள் வெளியுலகோடு பேச, போகும் ஒவ்வோர் உறையிலும் அனுப்புநர் முகவரியை அழித்துக் காவலனின் முகவரியை எழுதும்படி விதி ஒன்றையும் சேர்த்தேன். உள்ளேயிருந்து சோதித்தேன். எல்லாம் சரியாக நடந்தது. முதலாளி காபி வாங்கிக் கொடுத்தார்.

பிழை அந்தக் கடைசி விதியில் இருந்தது. 'வெளிக்கம்பி வழியாகப் போகிறவற்றுக்கு மட்டும்' என்ற சொற்களை நான் அதில் எழுதவில்லை. ஆகவே வெளியிலிருந்து வந்த உறைகளிலும் அனுப்புநர் முகவரி அழிந்து, காவலனின் உள்முகவரி ஏறிற்று. வழங்கியோ உள்முகவரியிலிருந்து எது வந்தாலும் வீட்டுப் பிள்ளை என்று நம்பும். எங்கே அனுப்பச் சொன்னாலும் அனுப்பும். உலகத்தில் எவனும் எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான்.

1982இல் ஜான் போஸ்டல் அஞ்சல் நெறிமுறையை எழுதியபோது, எவர் கொடுத்த மடலையும் வாங்கி அடுத்த ஊருக்குக் கடத்துவது குற்றமல்ல, மரியாதை. தொண்ணூறுகளில் எரிதம் அனுப்புகிறவர்கள் அந்த மரியாதையைத் தின்று தீர்த்தார்கள். அப்படித் திறந்து கிடக்கும் வழங்கிகளைக் கண்டால் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பது அதன்பின் வழக்கமாயிற்று. எங்கள் முகவரியும் இரண்டே நாளில் சேர்ந்தது.

அந்த வாரம் வெளிநாட்டு வணிகர் ஒருவருக்கு முதலாளி விலை எழுதி அனுப்பியிருந்தார். அவர்களுடைய வழங்கி அதை வாசலிலேயே மறுத்துத் திருப்பியது. யார் யாரோ எங்கள் வழியாக அனுப்பிய குப்பைக்குத் திரும்பிவந்த ஆயிரக்கணக்கான மறுப்புகளுக்குள் அந்த ஒரு மறுப்பும் புதைந்துபோனது. ஒன்பதாம் நாள் முதலாளி தொலைபேசியில் கேட்டபோது, வேறிடத்தில் வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். பட்டறைக்குப் பதினொரு நாள் வேலை இல்லை.

பதிவேடுகளைப் புரட்டி உண்மையைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு ஆயிற்று. விடுபட்ட சொற்களைச் சேர்த்தேன். வழங்கியைத் தவிர வேறெந்தக் கணினியும் 25ஆம் வாசல் வழியாக வெளியே போகாதபடி தடுத்தேன். மறுநாள் கீழராஜ வீதியில் ஓர் இணைய மையத்தில் உட்கார்ந்து, ஒரு திருடனைப் போல என் கோட்டையை வெளியிலிருந்து தட்டிப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். இம்முறை வழங்கி என்னை மறுத்தது. ஒரு மறுப்புக்காக அவ்வளவு மகிழ்ந்ததில்லை. பிறகு கறுப்புப் பட்டியல்காரர்களுக்கு விண்ணப்பம் எழுதினேன்.

முதலாளியிடம் 'வைரஸ்' என்றுதான் சொன்னேன். அவரும் நம்பினார். கூலிக் கணக்குக் கேட்க அலுவலகத்துக்கு வந்த பட்டறை அக்கா, கரை படிந்த விரல்களால் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, "கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் வருமா தம்பி? இப்பத் தேவலையா?" என்று கேட்டார்.

"தேவலைக்கா" என்றேன்.

சில மாதங்களுக்குப் பின் முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அடுத்த தடவை வெளியில போய் நின்னு பாத்துட்டுச் சொல்லு தம்பி" என்றார், அவ்வளவே. அந்த அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு என்ன புரிந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பதினொரு நாள் கூலி அவருக்குப் புரியாத விஷயமா என்று இப்போது தோன்றுகிறது.