பட்டறைக்குப் போன மாணவன்

மஃரிபுக்குப் பாங்கு சொல்லச் சற்று நேரம் இருந்தது. பள்ளிவாசல் ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து ஒரு சிறுவன் சோப்புத்தூளால் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். நகக்கண்களில் படிந்திருந்த கறுப்பு மட்டும் போகவில்லை.

"ஹஜரத், இந்தக் கிரீஸ் கறையோடு உளூச் செய்தால் கூடுமா?" என்று கேட்டான்.

தோலில் தண்ணீர் படாமல் தடுக்கும் படலமாக இருந்தால் அதை அகற்ற வேண்டும்; நிறம் மட்டும் தங்கியிருந்தால் குற்றமில்லை என்று விளக்கினேன். முகம் மலர்ந்து முன்வரிசைக்குப் போனான். என்னிடம் அலிஃப், பா முதல் ஓதிய பிள்ளை அவன்.

அவன் பட்டறைக்குப் போனதில் எனக்கும் பங்கு உண்டு. பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தவறியபோது, சரக்கு லாரி ஓட்டுநரான அவனுடைய அத்தா என்னிடம் வந்தார். "இவனுக்குப் படிப்பு ஏறலீங்க ஹஜரத். சுற்றுச்சாலையில் தெரிஞ்ச லாரிப் பட்டறை ஒண்ணு இருக்கு. விட்டுறலாமா?" என்றார். நான் சற்றும் யோசிக்கவில்லை. நபி தாவூது (அலை) அவர்கள் தம் கையால் உழைத்து உண்ட வரலாற்றைச் சொல்லி, கைத்தொழிலின் சிறப்பை எடுத்துரைத்து, துஆவும் செய்து அனுப்பினேன்.

பையனுக்குப் பதினைந்து வயதுதானே, அங்கே யார் கற்றுக்கொடுப்பார், என்ன வேலை வாங்குவார்கள், அடிபட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. அடுத்த சில மாதங்களில் வரும் துணைத் தேர்வில் அந்த ஒரு பாடத்தை எழுதித் தேறலாமே என்று சொல்லவும் தோன்றவில்லை. கலைக்கல்லூரியில் பட்டம் பெற்றவன் நான். ஆயினும் ஸ்பேனர் பிடிக்கும் தொழிலுக்கும் முறையான பாடம் உண்டு என்பதை அன்று நான் எண்ணிப் பார்த்தவனல்லன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவன் மீண்டும் ஒரு கேள்வியோடு வந்தான். இடக்கையில் கட்டுப் போட்டிருந்தது.

"ஹஜரத், இல்லாத விரலுக்கு உளூவில் என்ன செய்வது?"

எஞ்சியிருப்பதைக் கழுவினால் போதும் என்று சொல்லி முடிப்பதற்குள் என் குரல் அடைத்துவிட்டது. இரண்டு விரல்கள் போயிருந்தன.

நடந்ததைப் பின்னர் கேட்டறிந்தேன. பழைய வகை லாரிச் சக்கரத்தில் டயரை ரிம்மோடு பிடித்து நிறுத்துவது லாக் ரிங் என்னும் இரும்பு வளையம். டயருக்குள் ஏறும் காற்றோ நூறு பவுண்டு அளவு. வளையம் பள்ளத்தில் சரியாக அமராமல் காற்றை ஏற்றினால், அது துப்பாக்கிக் குண்டுபோல் தெறிக்கும். சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, ஆள் விலகி நின்று, நீண்ட குழாய் வழியாகக் காற்றை ஏற்றுவதே முறை. அந்தப் பட்டறையில் கூண்டு இல்லை. பட்டறைக்காரரைக் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். மருத்துவச் செலவை அவரே ஏற்றார். அவரும் சிறுவயதில் அப்படியே நின்று, அடிபட்டு, பார்த்துப் பழகியவர். தமக்குக் கற்பிக்கப்படாததை அவர் எவ்வாறு கற்பிப்பார்?

அன்றிரவு ஸூரத்து ஸபஉவில் தாவூது (அலை) அவர்களைப் பற்றிய வசனங்களை மீண்டும் ஓதினேன். நான் பலமுறை பாடம் நடத்திய இடம்தான். இரும்பை அவர்களுக்கு மென்மையாக்கித் தந்ததாகக் கூறும் இறைவன், அடுத்த வசனத்திலேயே கவச வளையங்களைச் சரியான அளவோடு அமைக்குமாறு கட்டளையிடுகிறான். இரும்பு கைக்கு இசைந்த ஒரு நபிக்கே அளவு வேண்டும் என்று கட்டளை. நானோ அளவைப் பற்றிய பேச்சே இல்லாமல் ஒரு பிள்ளையை இரும்பிடம் அனுப்பியிருந்தேன்.

2023ஆம் ஆண்டு அவனுடைய தம்பி பத்தாம் வகுப்புத் தேறினான். அவனுக்கும் எஞ்சின் மீதே ஆசை. "இந்த வீட்டில் பட்டறைப் பேச்சே இனி வேண்டாம்" என்று தாயார் அழுதார். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. நான் அவர்களிடம் ஒருநாள் அவகாசம் கேட்டு, பையனையும் அவனுடைய அத்தாவையும் அழைத்துக்கொண்டு கோ.புதூரிலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்துக்குச் சென்றேன். எத்தனையோ முறை பேருந்தில் கடந்து போன வாயில்தான் அது. ஒரு நாளும் உள்ளே நுழைந்ததில்லை.

அங்கே அறிந்தவற்றை வாசகர்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். நம் நாட்டில் இத்தகைய தொழிற்பயிற்சித் திட்டம் 1950 முதல் நடந்து வருகிறது. டீசல் மெக்கானிக் படிப்பு ஓராண்டு. மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டாண்டு. இரண்டுக்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர் போன்ற சில பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேறியவர்களும் சேரலாம். பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழக அரசு நிலையங்களில் கல்விக் கட்டணம் கிடையாது; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பேருந்துச் சலுகையும் உண்டு. படிப்பு முடிந்தபின், 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி தொழிற்சாலைகளிலும் போக்குவரத்து நிறுவனங்களிலும் உதவித்தொகையுடன் பழகலாம்.

முதல் பாடம் எஞ்சினைப் பற்றியதன்று, பாதுகாப்பைப் பற்றியது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது. ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். டிப்பரின் தொட்டியைத் தூக்கி வைத்து வேலை செய்தால் முட்டுக் கொடுக்காமல் கீழே தலையை நீட்டக்கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் மின் வேலை தொடக்கூடாது. பிறகுதான் அளவுக் கருவிகளும் மற்றவையும்.

"பட்டறையில் பார்த்துப் பழகியவர்களும் நன்றாகத்தானே வேலை செய்கிறார்கள்?" என்று அவனுடைய அத்தா கேட்டார். உண்மைதான். மோட்டார் தொழிலுக்கு மதுரை புதிய ஊரன்று. 1911இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொழில் தொடங்கிய ஊர் இது. 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவான ஊர். காதால் கேட்டே எஞ்சினின் நோயைச் சொல்லும் கைதேர்ந்தவர்கள் இங்கே நிறைய வாழ்ந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் வண்டி மாறிவிட்டது. பழைய டீசல் எஞ்சினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, எஞ்சின் ஓடும்போதே நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் அப்படிச் செய்தால், ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதி வந்தபின், லாரிகளில் புகையைச் சுத்திகரிக்க யூரியாக் கரைசல், சென்ஸார், கணினி எல்லாம் சேர்ந்துகொண்டன. கோளாறைக் காட்டும் கருவியை இணைத்துப் படிக்கத் தெரியாதவருக்கு அந்த எஞ்சின் பூட்டிய பெட்டிதான்.

தம்பி மோட்டார் வாகனப் பிரிவில் சேர்ந்தான். முதல் மாதம் முடிவதற்குள் ஒருநாள் வீட்டில் அண்ணனிடம், "டயர்க் கூண்டு இல்லாத இடத்தில் காற்றுப் பிடிக்கக் கூடாதாம்" என்று சொன்னானாம். அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்து, "எனக்கு யாரும் சொல்லலையே" என்றானாம். தாயார் இதை என் மனைவியிடம் சொல்லிக் கண்கலங்கினார். அந்த வார்த்தை எனக்கும் உரியது என்றே எடுத்துக்கொண்டேன்.

தம்பி படிப்பை முடித்து இப்போது பழகுநராக இருக்கிறான். அண்ணனும் ஓய்ந்துவிடவில்லை. துணைத் தேர்வு எழுதிக் கணக்கில் தேறினான். வேறொரு பட்டறையில் வேலை பார்க்கிறான். பணி அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வராகத் தொழிற்தேர்வு எழுத வழியுண்டு என்று அறிந்து, தம்பியின் புத்தகங்களை இஷாவுக்குப் பின் படித்துவருகிறான். இன்ஷா அல்லாஹ், தேறிவிடுவான்.

அன்புப் பெற்றோரே! உங்கள் பிள்ளை பட்டறைத் தொழிலை விரும்பினால் தடுக்காதீர்கள்; அது ஹலாலான, கண்ணியமான தொழில். ஆனால் கற்றுக்கொடுக்கும் இடத்துக்கு முதலில் அனுப்புங்கள். பதினெட்டு வயது நிறையாதவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தலாகாது என்று 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமும் கூறுகிறது. ஜமாஅத் பொறுப்பாளர்களே! பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் வாரத்தில், தொழிற்பயிற்சி நிலையச் சேர்க்கை பற்றி ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவிப்புச் செய்யுங்கள். படித்து முடித்த ஏழைப் பிள்ளைக்குப் பைத்துல்மாலிலிருந்து ஒரு கருவிப் பெட்டி வாங்கிக் கொடுங்கள்.

என்னைப் போன்ற உஸ்தாதுமார்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிலுக்குப் போகும் மாணவனுக்குத் துஆச் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். அவன் போகும் இடத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.