மூன்று தாள், ஒரு பத்தி

ராமேசுவரம் தீவில் ஒரு தொடக்கப் பள்ளி. ஐந்தாம் வகுப்பில் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் தரையில் கும்பல் கும்பலாக. ஒவ்வொரு கும்பலின் நடுவிலும் மூன்று தாள்: புத்தகப் பக்கத்தின் நகல், ஒரு பத்திரிகைக் கட்டுரை, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வந்த நோட்டுத்தாள். மூன்றும் 1964 புயலில் தனுஷ்கோடியும் ஒரு பாசஞ்சர் ரயிலும் அழிந்த கதை.

"பார்த்து எழுதாதீங்க. படிச்சிட்டுத் தாளைக் கவுத்து வைங்க, அப்புறம் ஒரு பத்தியா எழுதுங்க." டீச்சர் அதற்கு மேல் விளக்கவில்லை.

ஒரே தாளைக் கொடுத்திருந்தால் இந்நேரம் படியெடுத்து முடித்திருப்பார்கள். மூன்று இருப்பதால் சண்டை.

"டீச்சர், இதுல டிசம்பர் 22, அதுல 23. எது தப்பு?"

"ரயில் எத்தனை மணிக்குக் கெளம்புச்சு? தேடு."

நகம் கடித்த விரல் ஒவ்வொரு வரியாக ஊர்கிறது. பாம்பனிலிருந்து பாசஞ்சர் புறப்பட்டது 22ஆம் தேதி இரவு 11.55. பையன் நிமிர்கிறான். "அஞ்சு நிமிஷத்துல தேதி மாறிடும் டீச்சர்! ரெண்டும் சரிதான்!"

பக்கத்தில் ரெட்டைச்சடைக்காரி ரயிலில் இறந்தவர்களின் எண்ணிக்கையில் நிற்கிறாள். ஒரு தாளில் 115. இன்னொன்றில், டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை இருக்கும் என்று. 115 எழுதி அழிக்கிறாள். 200 எழுதி அழிக்கிறாள். தாள் நைந்து ஓட்டை விழப் போகிறது.

டீச்சர் குனிகிறார். "ஏம்மா அழிக்கிற? ரெண்டையும் எழுது. ஏன் வித்தியாசம்னும் எழுது."

அந்த 'ஏன்' எனக்குப் பெரிதாகப் படுகிறது. பட்டப்படிப்பு வரை போயும் இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர்.

அவள் இன்னும் எழுதவில்லை. நோட்டுத்தாளைத் தடவிக்கொண்டே, "அப்பத்தா சொன்னது புக்குல இல்லையே?"

"அப்பத்தா சொன்னாங்கன்னு போட்டு எழுது."

பென்சில் வேகமெடுக்கிறது. எட்டிப் பார்க்கிறேன்: 'ரயிலில் 115 பேர் இறந்ததாக ஒரு தாளில் உள்ளது. டிக்கெட் இல்லாதவர்களையும் சேர்த்து 200 பேர் என்று இன்னொரு தாளில் உள்ளது. தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்ப தம்பியைத் தூக்கிக்கிட்டு ஓடினதாக அப்பத்தா சொன்னாங்க.'

அதற்குள் பையன்கள் பக்கம் சத்தம். புயலில் உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்ததை ஒருவன் முதல் வரியிலேயே எழுதிவிட்டான்.

"பாலம் உடையவே இல்ல, அதுக்குள்ள கட்டிட்டியேடா!"

அவன் எழுதியதை அடித்துவிடவில்லை. அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டு, அதிலிருந்து பக்கத்தின் அடிவரைக்கும் நீளமாக ஓர் அம்பு இழுக்கிறான்.